காப்புக் கட்டிய சாட்சி

அத்தியாயம் 9

கட்டைவிரலில் மை தடவிய பிறகு வீரபாண்டி கையை இழுத்துக்கொண்டார்.

நோட்டரி வக்கீலின் குமாஸ்தா அவருடைய இடது கையைப் பிடித்துத் தாளுக்கு நேராகக் கொண்டுபோயிருந்தார். பிரமாண வாக்குமூலத்தை வாசித்துக் காட்டியாகிவிட்டது. ரப்பர் முத்திரையும் சிவப்பு வில்லையும் மேஜையில் தயாராக இருந்தன. விரல் தாளைத் தொட வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து மனிதர் எழுந்து நின்றுவிட்டார்.

"உயில்ல இருக்கது என் ரேகை இல்ல. அன்னைக்கு நான் சங்கரன்கோவில் பக்கமே வரல. அம்மன் கொடைக்குக் காப்புக் கட்டியிருந்தேன். எங்க ஊர்ல யார்கிட்ட வேணாலும் கேட்டுக்கிடுங்க."

அவ்வளவுதான். மையைத் தலைமுடியில் தேய்த்துத் துடைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். எதிரே வேப்பமரத்தடியில் காத்திருந்த அவர் மனைவி பேச்சித்தாய் எழுந்து வந்தாள். சின்னப் பிள்ளையைக் கூட்டிப்போவது போல அவர் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள். குமாஸ்தா மைப்பெட்டியை மூடினார். சுவரோரம் உட்கார்ந்திருந்த முத்துத்தாய் அழக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

விஷயம் இதுதான். முத்துத்தாயை எடுத்து வளர்த்தவர் காசிராஜன் என்ற விவசாயி, எங்கள் பக்கத்து வழக்கில் சம்சாரி. சங்கரன்கோவிலில் ஒரு வீடும் ஊருக்கு வெளியே ஒரு கிணற்றுத் தோட்டமும் வைத்திருந்தார். போன சித்திரையில் இரண்டையும் அவள் பெயருக்கு உயில் எழுதிவிட்டு வைகாசியில் கண்ணை மூடினார். வளர்த்தாரே தவிர சட்டப்படி தத்து எடுக்கவில்லை. உயில் நிற்காவிட்டால் எல்லாம் அவருடைய அண்ணன் மகன் சங்கரசுப்புவுக்குப் போய்விடும். அந்த உத்தமன் இப்போதே இரண்டு பூட்டு வாங்கி வைத்திருப்பதாகத் தெருவில் பேச்சு.

உயில் உண்மையானதுதான் என்று ஜில்லா கோர்ட் உறுதி செய்ய வேண்டும். புரோபேட் என்பார்கள். அதற்கு, "பெரியவர் கையெழுத்துப் போட்டதை என் கண்ணால் பார்த்தேன்" என்று உயிலின் சாட்சிகளில் ஒருவராவது சத்தியம் செய்ய வேண்டும். இரண்டு பேரில் ஒருவர் பஸ் ஸ்டாண்டு வெற்றிலைக் கடைக்காரர். மழைக்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் இந்த வீரபாண்டிதான், கரிவலம்வந்தநல்லூருக்குக் கிழக்கே பனையடிப்பட்டியில் ஆடு மேய்க்கிறவர். திங்கட்கிழமை திருநெல்வேலியில் வழக்கு. இன்று வியாழன்.

"ரேகையை நிபுணருக்கு அனுப்பினால்?" என்று நான் கேட்டதற்கு, பதில் வருவதற்குள் சங்கரசுப்பு பேரன் எடுத்துவிடுவான் என்றார் முத்துத்தாயின் வக்கீல். ரேகை அவருடையதுதான் என்று தெரிந்தாலும், கண்ணால் பார்த்ததை அவர்தான் வாயால் சொல்ல வேண்டுமாம்.

இந்த இடத்தில் எங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குருநாதன் அண்ணாச்சி கோர்ட் அமீனாவாக இருந்தவர். சம்மனைக் கண்டு குதிருக்குள் ஒளிந்தவர்களையும் கட்டிலுக்கடியில் படுத்தவர்களையும் தேடித்தேடியே துப்பறியப் பழகிக்கொண்டவர். வேலையை விட்ட பிறகு வக்கீல்கள் கூப்பிட்டால் வருவார். நான் சண்முகையா. அவருக்கு உதவியாளன், டிரைவர், வாய்.

"சங்கரசுப்பு விலை பேசிட்டான் அண்ணாச்சி. ரெண்டு கிடாயாவது கைமாறியிருக்கும்" என்றேன்.

அண்ணாச்சி தலையை ஆட்டினார். "விலை போனவன் வீட்டைவிட்டே கிளம்ப மாட்டான் வே. காய்ச்சல்னு படுத்துக்கிடுவான். இந்த ஆளு பஸ் ஏறி வந்து, உக்காந்து, கையையும் நீட்டியிருக்காரு. சத்தியம் பண்ணணும்னுதான் வந்திருக்காரு. தேதியை வாசிச்சப்பதான் முகம் மாறிச்சு."

"ஒருவேளை அந்தத் தேதியிலே கடன் வாங்கியிருப்பாரோ?"

"வண்டிய எடும்" என்றார் அண்ணாச்சி.

என் ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் ஏற்றத்தில் இருமும், இறக்கத்தில் மட்டும் உற்சாகமாக ஓடும். பனையடிப்பட்டிக்குப் போகிற வழியில் இறக்கமே கிடையாது. இடுப்பு கழன்று போய்ச் சேர்ந்தோம்.

ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். கொடை என்பது முப்பிடாதி அம்மன் திருவிழா. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை பந்தக்கால் நாட்டுவார்கள். அன்றே சாமியாடிகளுக்குக் காப்புக் கட்டிவிடுவார்கள். மஞ்சளில் நனைத்த கயிறு, வலது மணிக்கட்டில். கொடை முடிந்து அவிழ்க்கிற வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது, வெளிவீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. வீரபாண்டி அம்மனின் முதல் சாமியாடி. உயிலில் இருந்த தேதியோ கால்நாட்டுக்கும் கொடைக்கும் நடுவில் வந்த வெள்ளிக்கிழமை.

"அவன் தாண்டுனான்னு சொல்லுத வாய் அழுகிப் போவும்" என்றார் பூசாரி. அவர் கோபப்பட்டுக்கூடச் சொல்லவில்லை. கிழக்கே சூரியன் உதிக்கும் என்பதைச் சொல்கிற குரலில் சொன்னார்.

வீரபாண்டி வீட்டில் இல்லை, ஆட்டுக்குப் போயிருந்தார். பேச்சித்தாய்தான் இருந்தாள். சுவரில் மீசை அரும்பிய ஒரு பையனின் படம், அதில் அன்றைக்குப் பறித்த அரளிப்பூ. ஒரே மகனாம். கொடை முடிந்த மறுவாரம் ஆட்டுக்கிடைக்குக் காவலுக்குப் போனவன் மேல் கோடை இடி விழுந்திருக்கிறது. அவனோடு நாலைந்து ஆடுகளும் கருகிப்போயின என்று பக்கத்து வீட்டுக்காரி மெல்லிய குரலில் சொன்னாள்.

பேச்சித்தாய் எங்களிடம் அதிகம் பேசவில்லை. அன்றிலிருந்து புருஷன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்றும், அவர் கிணற்றுப் பக்கம் போனால் தனக்குப் பயமாக இருக்கிறதென்றும், அதனால் எங்கே போனாலும் கூடவே போவதாகவும் சொன்னாள். கிளம்பும்போது மட்டும் படத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னாள்.

"நாங்க ஒரு கொறையும் வைக்கல ஐயா. எம்புள்ளைய எதுக்கு எடுத்தன்னு அம்மன்கிட்ட தெனமும் கேக்கேன். அவ மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்கா."

திரும்பி வரும்போது வண்டியை மெதுவாகவே ஓட்டினேன். அண்ணாச்சிதான் பேசினார். ஊரே ஒரே குரலில் சொன்னால் அது மனப்பாடமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உண்மையாக இருக்க வேண்டும் என்றார். இந்த ஊர் மனப்பாடம் செய்யவில்லை. அப்படியானால் வீரபாண்டி வரவில்லை. வராதவரின் ரேகை உயிலில் இருக்கிறது என்றால், யாரோ ஒருவர் பொய்யாக விரல் வைத்திருக்கிறார்.

"நம்ம கட்சிக்காரியைத்தான் சந்தேகப்படுதியளா?"

"அவளைத்தான்."

எனக்குச் சுருக்கென்றது. சங்கரசுப்புவை ஒரு தரமாவது கோர்ட்டில் தலை குனிய வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தேன். அவன் வாங்கி வைத்த பூட்டு அவன் வாய்க்கே போட வேண்டியது என்று ஒரு வசனம்கூட வைத்திருந்தேன்.

முத்துத்தாய் வாசலில் அண்ணாச்சி உட்காரக்கூட இல்லை. நின்றபடியே கேட்டார். அன்று வீரபாண்டி வந்தாரா, இல்லை, வேறு யாராவது வந்து விரல் வைத்தார்களா. பொய் சொன்னால் சொத்து போவதோடு நிற்காது, ஜெயிலும் உண்டு என்றார். அமீனா வேலையில் பழகிய குரல் அது. குதிருக்குள் ஒளிந்தவர்களே அந்தக் குரலுக்கு வெளியே வந்து நின்றிருக்கிறார்கள்.

அவள் கலங்கவில்லை. "அவுகதான் வந்தாக. வெயில்ல நடந்து வந்திருந்தாக, வேர்த்து ஊத்திச்சு. மோர் கொண்டாந்து கொடுத்தேன், தொடல. எப்பவும் எங்க வீட்டுக்குள்ள வாரதுக்கு முன்னாடியே மோர் எங்கட்டின்னு கேக்குத மனுசன். எம்மேல என்ன கோவமோன்னு அன்னைக்கு ராத்திரி பூரா நெனச்சிட்டுக் கிடந்தேன்."

அண்ணாச்சி சட்டென்று உட்கார்ந்துவிட்டார். ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கி முழுவதும் குடித்தார்.

அங்கிருந்து நேராகப் பத்திரம் எழுதுகிறவரிடம் போனோம். உயிலை எழுதியவர் அவர்தான். எழுதியவராக மட்டும் கையெழுத்துப் போட்டிருந்ததால் அவரைச் சாட்சியாக ஏற்கமாட்டார்கள் என்று வக்கீல் ஏற்கெனவே கை விரித்துவிட்டிருந்தார். அண்ணாச்சி கேட்டது ஒரே ஒரு கேள்வி. வீரபாண்டியின் வலது கை அன்று எப்படி இருந்தது?

அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு யோசித்தார். "துண்டைச் சுத்தியிருந்தாரு. ஏதோ அடிபட்டுக் கட்டுப் போட்டிருக்காருன்னு நெனச்சேன். விரல் வைக்கும்போது தாள் காத்துல பறந்துச்சு, அந்தக் கையால அமுக்கிப் பிடிச்சாரு. துண்டு கொஞ்சம் நழுவிச்சு. படக்குன்னு இழுத்து மூடிக்கிட்டாரு."

வக்கீல் வீட்டில் உயிலை மறுபடி வாங்கிப் பார்த்தோம். கடைசித் தாளின் வலது ஓரத்தில் ஒரு மஞ்சள் கறை. நான் அதை முதல் நாளே பார்த்திருக்கிறேன். உயிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாரோ சாம்பார் சோறு சாப்பிட்டிருக்கிறார்கள் என்று கேலியும் செய்திருக்கிறேன். இப்போது கிட்டத்தில் வைத்துப் பார்த்தால், கறை முறுக்கு முறுக்காக இருந்தது. வேர்வையில் நனைந்த மஞ்சள் கயிறு அழுந்திய தடம்.

"ஊர் சொன்னதும் உண்மை. இந்தப் பிள்ளை சொன்னதும் உண்மை. காப்பு கையில் இருந்தது. காப்போடவே வந்திருக்காரு" என்றார் அண்ணாச்சி.

"வரலைங்கிறதுக்கு அத்தாட்சியைக் கையிலேயே கட்டிக்கிட்டு வந்திருக்காரு" என்றேன் நான். சொன்ன பிறகுதான் அதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை என்று உறைத்தது. சித்திரையில் எல்லை தாண்டியவரின் பிள்ளை கொடைக்கு மறுவாரம் எப்படிப் போனான் என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் வீரபாண்டியைக் கிடையில் பிடித்தோம். அறுத்துவிட்ட சோளக்காட்டில் ஆடுகளை அடைத்துக்கொண்டிருந்தார். பேச்சித்தாய் தள்ளி, வரப்பில் உட்கார்ந்து கம்பங்கூழ்ச் சட்டியைத் திறந்து வைத்திருந்தாள். எங்கள் பேச்சு அவளுக்குக் கேட்காது.

அண்ணாச்சி சுற்றி வளைக்கவில்லை. மோரைச் சொன்னார், துண்டைச் சொன்னார், கறையைச் சொன்னார். வீரபாண்டி மறுக்கவில்லை. கையிலிருந்த கம்பை ஊன்றிக்கொண்டு ஆடுகளைப் பார்த்தபடியே சொன்னார்.

"காசிராஜன் ஆள் விட்டிருந்தான். நெஞ்சு வலிக்கி, நாளைக்குப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாக, திரும்பி வாரேனோ என்னமோ, அக்கம்பக்கத்துல எல்லாம் சங்கரசுப்பு ஆளுக, நீ வந்து விரல் வச்சாத்தான் புள்ளைக்கு வீடுன்னு சொல்லிவிட்டான். நான் சின்ன வயசுலருந்து அவன் தோட்டத்துலதான் கிடை போட்டேன். அவன் வீட்டுச் சோறு எவ்வளவு தின்னிருப்பேன். ஒரு பொட்டப்புள்ளைக்காகப் போறோம், அம்மன் பொறுத்துக்கிடுவான்னு நெனச்சேன்."

மிச்சத்தை வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார். கொடை அன்று அவருக்குச் சாமி வரவில்லை. மேளம் அடிக்க அடிக்க உடம்பு கல்லாக நின்றது. ஊர் பார்க்கிறதே என்று வந்த மாதிரி ஆடினார். மறுவாரம் மகன் போய்விட்டான்.

இடி எங்கேயும் விழும், அதற்குக் கயிறு தெரியாது என்று நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் நான் படித்த படிப்பெல்லாம் செல்லுபடியாகவில்லை.

"நேத்து விரல் வைக்கணும்னுதான் தம்பி வந்தேன். தேதியை வாசிச்சதும் முடியல. ஊரு என்னை என்ன வேணாலும் செய்யட்டும். கோயில்லருந்து தள்ளி வைக்கட்டும். அவளுக்குத் தெரியக்கூடாது." கண்ணால் வரப்பைக் காட்டினார். "எதுக்கு எடுத்தன்னு தெனம் அம்மன்கிட்ட கேக்கா. அதுக்குப் பதில் நாந்தான். எப்படிச் சொல்ல?"

நாங்கள் தேடிவந்த லஞ்சமும் இல்லை, மிரட்டலும் இல்லை. எதிரி என்று எவனையாவது காட்டினால் சட்டையைப் பிடித்திருப்பேன். இங்கே பிடிப்பதற்கு யாருமில்லை. இப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடலாம் என்று எனக்குத் தோன்றியது.

காப்பு விஷயத்தை விட்டுவிட்டு மற்றதை எழுதிக்கொள்ள முடியாதா என்று அவரே கேட்டார். முடியாது என்றார் அண்ணாச்சி. சங்கரசுப்புவின் வக்கீல் பூசாரியைக் கூண்டில் ஏற்றி ஒரே கேள்வியில் எல்லாவற்றையும் உடைத்துவிடுவார். காப்போடு எல்லை தாண்டி வந்தேன் என்று நீரே முதலில் சொல்லிவிட்டால்தான் உயில் நிற்கும் என்றார்.

அதற்கு மேல் அண்ணாச்சி சொன்னதை நான் இன்று வரை மன்னிக்கவில்லை. அது தவறு என்றும் சொல்ல முடியவில்லை.

"அந்தப் பிள்ளைக்கு வீடு வேணும்னுதான எல்லை தாண்டுனீரு. இப்ப அந்த வீடும் இல்லாமப் போச்சுன்னா, நீரு குடுத்ததுக்கு என்ன மிச்சம்?"

வரப்பிலிருந்து பேச்சித்தாய் கூழ் குடிக்கக் கூப்பிட்டாள். வீரபாண்டி அந்தப் பக்கம் நடந்தார்.

வருவார் என்று நான் நம்பவில்லை. சனிக்கிழமை காலையில் வக்கீல் புது வாக்குமூலத்தை டைப் அடித்து வைத்திருந்தார். முத்துத்தாய் பாத்திரம் பண்டங்களைச் சாக்கில் கட்டிவிட்டுத்தான் வந்திருந்தாள். கடைசி நேரத்தில் சங்கரசுப்புவின் ஆட்கள் வந்து தெருவில் எறிகிற மாதிரி வைத்துக்கொள்ள வேண்டாம் என்று நினைத்தாளாம். நோட்டரி இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார்.

கரிவலம் பஸ் வந்தது. வீரபாண்டியும் பேச்சித்தாயும் இறங்கினார்கள்.

அண்ணாச்சி வாசலுக்கே போய், உள்ளே புழுக்கமாக இருக்கிறது, நீங்கள் மரத்தடியில் காற்றாட இருங்கள் என்று பேச்சித்தாயிடம் சொன்னார். அவளும் சரி என்று திரும்பினாள். வீரபாண்டி அவள் கையை விடவில்லை.

"அவ உள்ள வரட்டும்" என்றார். "ஏட்டி, நீயும் வந்து உக்காரு. இவுக வாசிக்கிறதக் கேளு."

எழுதப் படிக்கத் தெரியாதவர் சத்தியம் செய்தால், எழுதியிருப்பதை அவர் பாஷையில் முழுவதும் வாசித்துக் காட்டி, புரிந்ததா என்று கேட்ட பிறகுதான் விரல் வாங்க வேண்டும். அது நோட்டரிக்குச் சட்டம். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். இன்னாருடைய மகன், இன்ன ஊர், காசிராஜனைச் சிறுவயது முதல் அறிவேன், அவர் சுயபுத்தியோடு இருந்தார், என் முன்னிலையில் கையெழுத்துப் போட்டார், நானும் அவர் முன்னிலையில் விரல் வைத்தேன். எல்லா வாக்குமூலத்திலும் வருகிற வரிகள்தான். பிறகு அந்த வரி வந்தது. மேற்படி வெள்ளிக்கிழமை அன்று என் வலது கையில் முப்பிடாதி அம்மன் கொடைக்காகக் கட்டிய காப்பு இருந்தது. அதை அவிழ்க்காமல், ஒருவருக்கும் தெரிவிக்காமல், ஊர் எல்லையைத் தாண்டி மேற்படி வீட்டுக்கு வந்தேன்.

நோட்டரி அடுத்த வரிக்குப் போக வாயெடுத்தார். பேச்சித்தாய் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"அந்தக் கெழமையை இன்னொரு மட்டம் வாசிங்க ஐயா."

வாசித்தார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

"அன்னைக்கு எங்க போனீயன்னு கேட்டேன்" என்றாள் புருஷனிடம். சத்தம் போடவில்லை. "ஆடு ஒண்ணக் காணும், காட்டுல தேடுனேன்னு சொன்னீய."

வீரபாண்டி தலையைக் குனிந்துகொண்டார். குமாஸ்தா மைப்பெட்டியை நகர்த்தி வைத்தார். வீரபாண்டி நீட்டிய விரல் மைக்கு மேலேயே நின்றுவிட்டது. பேச்சித்தாய் எழுந்து வந்து அந்த மணிக்கட்டைப் பிடித்து விரலை மையில் அழுத்தினாள். தாளுக்குக் கொண்டுபோகும்போது நோட்டரி தடுத்தார். அம்மா, நீங்கள் பிடிக்கக்கூடாது, அவரேதான் வைக்க வேண்டும் என்றார்.

"வைப்பாக" என்று கையை எடுத்துக்கொண்டாள். "எம்புள்ளை போனது போவட்டும். இந்தப் புள்ளைக்காவது வீடு நிக்கட்டும்."

வைத்தார். முத்திரை விழுந்தது. முத்துத்தாய் எழுந்து வந்து பேச்சித்தாயின் காலில் விழப் போனாள். பேச்சித்தாய் பின்னால் நகர்ந்து கொண்டாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, நல்லாயிரு என்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தை ஒருமுறை முழுசாகப் பார்த்தாள். தன் மகனுக்குப் பதில் மிஞ்சியது இதுதானா என்று பார்த்த மாதிரி எனக்குப் பட்டது.

பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"பஸ் வந்துரும், வாங்க. சோறு பொங்கிப் போடுதேன். துணி துவைச்சுப் போடுதேன். எங்கிட்ட மட்டும் இனிமே பேசாதீய."

வக்கீல் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை சங்கரசுப்பு வாயைத் திறக்கட்டும் பார்க்கலாம் என்று சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் முன்னால் போனாள். அவர் கூடச் சேர்ந்து நடக்க முயலவில்லை. அந்த இடைவெளியை அப்படியே வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலேயே போனார்.